வேரா, படிகாரமா? திசுச் சாயமும் 1742ஆம் ஆண்டுக் கடிதமும்

நுண்ணோக்கியில் காணும் திசுச்சீவலின் உட்கருவுக்குச் சாயமேற்றும் ஹீமடாக்சிலினுக்கு மாற்றாகச் செம்பருத்தி, மருதாணி, பீட்ரூட் சாறுகளை முன்வைக்கும் ஆய்வுகள் பெருகியுள்ளன. இயற்கைக்கும் செயற்கைக்கும் நடக்கும் போட்டியாகவே அவை இதைக் காட்டுகின்றன. ஹீமடாக்சிலினே மெக்சிகோவின் கம்பீச்சே மரத்து வயிரத்திலிருந்து வருவது. அதோடு சேர்த்துப் பயன்படும் ஈயோசின்தான் ஆலைச் சரக்கு. ஆகவே எந்தச் செடி என்பதைவிட, அதன் நிறத்தை உட்கருவில் எது நிறுத்துகிறது என்பதே கேள்வி.

இத்தகைய முயற்சிகளுக்கு மரபு தேடுவோர் சோழமண்டலக் கரையின் துணிச்சாயத்தைக் காட்டுவர். அதற்கான முதன்மைச் சான்றுகளுள் ஒன்று யேசு சபைப் பாதிரியார் கேர்தூ 1742இல் எழுதிய கடிதம். அதைச் சாயச்செடிகளின் பட்டியலாகப் படிப்பதே வழக்கம்: சிவப்புக்குச் சாயவேர் எனும் இம்பூறல், நீலத்துக்கு அவுரி. கடிதம் சொல்லும் வேலை வரிசையோ வேறொன்றை உணர்த்துகிறது. துணி முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறுகிறது. இரும்புக் கரைசலால் இழுத்த கோடு கடுக்காய்த் துவர்ப்போடு சேர்ந்து கறுக்கிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தீட்டப்படுகிறது. வேர் அதன் பிறகே வருகிறது. துணி முழுவதும் ஒரே வேர்ச்சாற்றில் கொதித்தாலும் படிகாரம் பட்ட இடத்தில்தான் சிவப்பு நிலைக்கிறது. பிற இடங்களில் ஒட்டிய மங்கல் வெளுப்பில் போய்விடுகிறது. சாயக்காரர் சிவப்புப் பூவை வரைந்தது படிகாரத்தால்தான். வேர் அதைக் கண்ணுக்குக் காட்டியது.

கேர்தூ தொழிலாளியல்லர், கேட்டறிந்து எழுதியவர். அவர் தரும் அளவுகளை அப்படியே ஏற்க இயலாது. வேலை வரிசையை ஐயுறக் காரணமில்லை; காளஹஸ்திக் கலம்காரியில் இன்றும் அதே ஒழுங்குதான்.

திசுவியலின் வரலாறும் இதையே சொல்கிறது. 1863இல் ஆய்வாளர் வால்டையர், சாயத்தைப் பிணைக்கும் உலோக உப்பாகிய நிறமூன்றியின்றி ஹீமடாக்சிலினை முயன்றது பெரிதாகக் கைகூடவில்லை; 1865இல் பேமர் படிகாரம் சேர்த்த பிறகே அது உட்கருச் சாயமானது. செம்பருத்தியின் ஆந்தோசயனினோ அமிலத்தில் சிவந்து, காரத்தில் நீலமாக மாறுவது. அதன் சிவப்பு வெறும் அமிலத்தால் வந்ததாகவும் இருக்கலாம். ஆகவே படிகாரமற்ற ஒப்பீட்டுச் சிலைடு இல்லாமல் சைட்டோபிளாசத்தின் இளஞ்சிவப்பை வெற்றி என்பது அவசரம்.

பருத்தி செல்லுலோஸ், திசு புரதம் என்ற மறுப்பு வலுவற்றது. இங்கே ஒப்பிடப்படுவது இழையன்று, உலோகம் பாலமாகும் முறை. சாயவேரின் அலிசரின் சுண்ணாம்புச் சத்தைக் காட்டத்தானே பயன்படுகிறது என்பாரும் உளர். அதுவும் உலோகப் பிணைப்பே. அலிசரினைப் போலவே ஆந்த்ராகுவினோன் வகையைச் சேர்ந்த கார்மைன், படிகாரத்தோடு சேர்ந்து உட்கருவைச் சிவப்பாக்குவது நெடுநாள் வழக்கம். இம்பூறலும் அப்படிச் செய்யும் என்று இப்போதே அறுதியிட முடியாது. செய்யும் என எதிர்பார்க்க இடமுண்டு.

இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் பக்கத்துக் கடலோர மணல் இம்பூறலுக்கு ஒத்த நிலம். ஒரே திசுவின் சீவல்களில் ஒன்றுக்கு வேர்ச்சாறு மட்டும், ஒன்றுக்குப் படிகாரம் சேர்த்த சாறு, மற்றொன்றுக்கு டிஎன்ஏவை நொதியால் நீக்கிய பின் அதே கலவை. இரண்டாவதில் மட்டும் உட்கரு சிவந்தால் சாயவேரைப் பற்றிப் பேசலாம். மூன்றும் ஒன்றுபோல் சிவந்தால், கண்டது வெறும் கறைதான்.