பழந்துணி மறுபயன்பாடு: முசலியும் வட இலங்கையும்

உடுத்துப் பழசாகிய சேலை, சாரம், வேட்டி முதலியவற்றைக் கிழித்தும் தைத்தும் முறுக்கியும் வீட்டுப் பொருளாக்கும் வழக்கம் தென்னாசியாவில் மிகத் தொன்மையானது. எறிந்த துணிகளைப் பொறுக்கித் தைத்த பாம்சுகூலச் சீவரத்தைத் துறவிகள் அணிந்ததைப் பௌத்த வினய நூல்கள் கூறுகின்றன. வங்காளப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா விரிப்புகளை உருவாக்கினர். மேற்கு வங்க நக்‌ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மன்னார் மாவட்டத்தின் தெற்கே, அரிப்பு முதல் மறிச்சுக்கட்டி வரை நீளும் முசலிக் கரை உட்பட வட இலங்கையில் இவ்வழக்கம் அலங்காரக் கலையாக வளரவில்லை; அன்றாடத் தேவையோடு நின்றது. துவைத்துத் துவைத்து மெதுமையான நூற்சேலையே குழந்தைக்கு ஏணையாகும். அது மேலும் நைந்தால் மடித்துத் தைத்துக் குழந்தைக்குக் கீழே விரிப்பர். பின்னர் அடுப்பில் சட்டி இறக்கும் பிடிதுணி, குடத்துக்குச் சும்மாடு, வாசலில் கால்மிதி, கடைசியில் விளக்குத்திரி. ஈரம் உறிஞ்சுவதும் சூட்டில் உருகாததும் பருத்தியின் குணங்கள். இந்த வரிசை முழுவதும் அவற்றைச் சார்ந்தது. நைலானும் பொலியெஸ்டரும் பரவியபின் பழஞ்சேலைகளில் பல இப்பணிகளுக்கு உதவாமல் போயின.

உள்நாட்டுப் போர் இவ்வழக்கத்தின் போக்கை மாற்றியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலி முஸ்லிம்களும் ஊரை விட்டனர். அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில், கிடுகுக் குடிசைகள் நிறைந்த முகாம்களில் வாழ நேர்ந்தது. அத்தகைய ஒற்றையறை வாழ்க்கையில் பழஞ்சேலைதான் தடுப்புச்சுவர். பெண்கள் உடை மாற்றுவதற்கான மறைவும் அதுவே. பொருளாதாரத் தடை நிலவிய வடபகுதிகளில் மண்ணெண்ணெய் அரிதானது. கிடைத்த எண்ணெயைச் சேமிக்க ஜாம் போத்தலில் சிறு துணித்திரியிட்டு எரித்தனர். 2007 செப்டம்பரில் இராணுவம் முசலியின் சிலாவத்துறையைக் கைப்பற்றிய நடவடிக்கையின்போது அப்போது அங்கு வாழ்ந்த மக்களும் இடம்பெயர்ந்தனர்.

2009இல் போரின் இறுதிக் கட்டத்தில் முல்லைத்தீவுக் கரையில் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி. மன்னாரின் வடபகுதியிலிருந்தும் வன்னி முழுவதிலிருந்தும் துரத்தப்பட்ட மக்கள் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கடற்கரை மணலில் பதுங்குகுழி வெட்டினர். மணற்சுவர் நில்லாது சரியும், சாக்கு கிடையாது. ஆகவே சேலையைத் துண்டாக்கி மடித்துப் பக்கங்களைத் தைத்து, மணல் நிரப்பி வாயைக் கட்டி மண்மூட்டை அடுக்கினர். இங்கே துணி நையும்வரை காத்திருக்க வழியில்லை: திருமணக் கூறையும் பட்டும் ஒருநாளில் மூட்டைகளாயின. விரிப்பும் திரியும் இடம்பெறும் கைவினை வரலாற்றில் இம்மூட்டைகளும் இடம்பெற்றாக வேண்டும். அவற்றைத் தைத்த கைகளும் ஏணை கட்டிய அதே கைகள்தாம்.

முசலியில் 2009இல் மீள்குடியேற்றம் தொடங்கியது. கடைகளில் விலை மலிந்த கால்மிதிகளும் பிளாஸ்டிக் விரிப்புகளும் இன்று கிடைப்பதால் வீட்டில் தைக்கும் தேவை குறைந்துவிட்டது. ஏணைக்கும் பிடிதுணிக்கும் இன்றும் நூற்சேலையே தேடப்படுகிறது. நைலான் சேலைகளோ தோட்டத்தைச் சுற்றி வேலியாகக் கட்டப்பட்டு, மயிலையும் காட்டுப்பன்றியையும் தடுக்கப் பயன்படுகின்றன.