ஓர் ஆணி சொன்ன சரித்திரம்

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளிக்கு நான் போனது அணையைப் பார்ப்பதற்காகத்தான். நந்தி மலைப் பக்கம் பிறந்து வரும் தென்பெண்ணை, தமிழ்நாட்டுக்குள் நுழைந்த சிறிது தூரத்திலேயே அங்கே தேங்கி நிற்கிறது. தண்ணீரின் மேல் வெண்ணுரை மிதக்கும் கதையை இன்னொரு நாள் எழுத வேண்டும். இன்று எழுதப் போவது ஓர் ஆணியைப் பற்றி.

என் தங்கை மகன் அவ்வூரில் குடியிருக்கிறான். ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை. விடியற்காலை நாலரை மணிக்கு என்னைத் தட்டி எழுப்பினான்.

"மாமா, கொஞ்சம் டார்ச் பிடிக்கிறீங்களா? வண்டி பஞ்சர்!"

ஆறு மணிக்கு முதல் ஷிப்டு. அந்த நேரத்தில் எந்தப் பஞ்சர் கடை திறந்திருக்கும்? பிள்ளையாண்டான் அதற்கெல்லாம் கலங்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு சிறு பெட்டியைக் கொண்டு வந்தான்.

அவன் மோட்டார் சைக்கிளின் டயருக்கு டியூப் கிடையாது. டயரின் விளிம்பே சக்கரத்தோடு இறுகிக் காற்றைக் காக்கிறது. டயரின் நடுவில் ஆணி குத்தியிருந்தது. குறடால் அதைப் பிடுங்கினான். அரம்போல் சொரசொரப்பான கம்பியை ஓட்டையில் விட்டு நாலைந்து முறை குடைந்தான். பிசுபிசுப்பான ரப்பர்த் திரி ஒன்றைப் பெரிய ஊசியின் காதில் கோத்து, பசை தடவி, ஓட்டையில் அழுத்திச் செருகினான். இரு நுனிகளும் அரை அங்குலம் வெளியே நிற்க, ஊசியை வெடுக்கென்று இழுத்தான். ஊசி வந்தது, திரி உள்ளே தங்கியது. நீட்டி நின்றதைக் கத்தரித்துவிட்டுப் பம்பால் காற்றடித்தான். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். குமிழி இல்லை!

"டயரின் பக்கவாட்டில் குத்தியிருந்தால் இந்த வித்தை பலிக்காது, மாமா. இதுகூடத் தற்காலிகந்தான். டயரைக் கழற்றி உள்ளேயிருந்து ஒட்டுப் போட வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் பறந்தான். மொத்தம் இருபது நிமிஷம்.

இந்த இருபது நிமிஷத்துக்குப் பின்னால் எத்தனை வருஷங்கள் இருக்கின்றன, தெரியுமா?

ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். உலகம் அவரை மறந்தே போயிற்று. 1887-ல் பெல்பாஸ்டில் ஜான் பாய்டு டன்லப் என்ற மாட்டு வைத்தியர், தம் பையனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காக அதே யோசனையை மறுபடி கண்டுபிடித்தார். மறு வருஷம் காப்புரிமை பெற்றார். பழைய தாம்ஸன் காகிதம் வெளிவந்ததும் 1890-ல் அந்த உரிமை செல்லாது என்றாகிவிட்டது!

அந்நாளைய டயரைச் சக்கரத்தோடு பசையிட்டு ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் ஆனால் பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம். உலர ஓர் இரவு. பிரான்ஸில் மிஷ்லின் சகோதரர்கள் 1891-ல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டு வந்தார்கள். அதன் பெருமையைக் காட்ட, மறு வருஷம் தாங்கள் நடத்திய சைக்கிள் பந்தயத்தின் பாதையில் தாங்களே ஆணிகளைத் தூவினார்களாம்!

நம் நாட்டில் நேர் எதிர். சாலையெங்கும் மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள். பஸ் தொழில் நடத்திய டி. வி. சுந்தரம் அய்யங்கார், பஸ்ஸுக்கு முன்னால் காந்தம் பொருத்திய வண்டியை அனுப்பி ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஒருவர் ஆணி தூவினார். ஒருவர் ஆணி பொறுக்கினார். இருவரும் பெரிய முதலாளிகளானார்கள்! பின்னவர் குடும்பத்தின் தொழிற்சாலையிலிருந்துதான் 1980-ல் ஓசூரில் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது.

ஆனால், டயர் வெறும் காற்றால் ஆனதா? 1876-ல் ஹென்றி விக்காம் பிரேஸிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அந்தக் கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போய்ச் சேர்ந்தன. பிறகு மலாயா முழுவதும் ரப்பர்க் காடாயிற்று. பால் வெட்ட ஆள் வேண்டுமே! நாகப்பட்டினத்தில் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் ஏறினார்கள்.

அவர்களில் என் பாட்டனாரின் தம்பியும் ஒருவர். 1942-43-ல் சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பானியர் தோட்டத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு போனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். சின்னப் பாட்டனார் திரும்பவில்லை. அவர் மனைவி கடைசி வரையில் நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை. "செத்ததற்குச் சாட்சி யார்?" என்று கேட்பாளாம். பதில் சொல்ல யாராலும் முடியவில்லை.

தாம்ஸன், டன்லப், மிஷ்லின் பெயர்களெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. பால் வெட்டியவர் பெயர் எங்கள் வீட்டில் மட்டுமே இருக்கிறது.

மாலையில் மருமகன் வந்து சேர்ந்தான்.

"காற்று இறங்கிற்றா?" என்று கேட்டேன்.

"ஒரு பொட்டுக்கூட இல்லை, மாமா!"

பெட்டியில் மிச்சமிருந்த ரப்பர்த் திரி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பிறகு உட்கார வைத்து, சின்னப் பாட்டனார் பெயரை அவனுக்குச் சொன்னேன். அவன் அதுவரை கேட்டதில்லை.