கையொப்பம், சந்தா, வரவு: தமிழ்ப் புனைகதையில் பதிப்புலகம்

முன்னுரை

தமிழ்ப் பதிப்பு வரலாற்றை எழுதுவோர்க்குப் பெருந்தடையாக இருப்பது கணக்கேடுகளின் இன்மையாகும். எத்தனை படிகள் அச்சாயின, எத்தனை விற்றன, ஆசிரியருக்கு என்ன கிடைத்தது என்பனவற்றைக் கூறும் பேரேடுகளைச் சிற்றிதழ்களும் சிறு பதிப்பகங்களும் பெரும்பாலும் விட்டுச்செல்லவில்லை. இந்நிலையில் புனைகதை, பதிப்பு வரலாற்றுக்குச் சான்றாகுமா என்னும் வினா எழுகிறது. புதுமைப்பித்தனின் சிறுகதைகள் இரண்டையும் சுந்தர ராமசாமியின் நாவல் ஒன்றையும் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

கையொப்பமும் சந்தாவும்

உ.வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வெளிவருமுன்பே அன்பர்களிடம் கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டினார். ‘என் சரித்திரம்’ இம்முயற்சியை விரிவாகப் பதிவு செய்துள்ளது. இம்முறையில் பொருள் தருபவர் பெரும்பாலும் ஊரும் பேரும் அறியப்பட்டவர். பதிப்பாசிரியருக்கோ அவர்தம் நண்பருக்கோ வேண்டியவர். 20 ஆம் நூற்றாண்டில் இதழ்கள் பெருகியபோது கையொப்பக்காரரின் இடத்துக்கு முகம் அறியாச் சந்தாதாரர் வந்தார். ஆனந்த விகடன், கல்கி போன்ற இதழ்கள் அவரைப் பெருந்தொகையாகப் பெற்றன. 1933 இல் தொடங்கிய மணிக்கொடி போன்றவை பெறவில்லை. அவ்விதழில் எழுதி வளர்ந்தவர் புதுமைப்பித்தன்.

கந்தசாமிப் பிள்ளையின் கணக்கேடு

1943 இல் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையின் நாயகர் சித்த வைத்திய இதழொன்றை நடத்துபவர். பூமிக்கு வந்த கடவுளிடம் அவர் வரம் கேட்கவில்லை. 25 ரூபாய் ஆயுள் சந்தா கேட்கிறார். யாருடைய ஆயுள் என்று கடவுள் வினவும்போது, சந்தாதாரரின் ஆயுள்தான், இதழ் அழிவற்றது என்கிறார். அற்ப ஆயுளில் மறைந்த இதழ்கள் பலவற்றை அறிந்த வாசகர்க்கு இவ்விடையின் எள்ளல் எளிதில் புலப்படும்.

கதையின் இறுதியே ஈண்டுச் சிறப்பாக நோக்கத்தக்கது. கடவுள் மறைந்தபின் கந்தசாமிப் பிள்ளை அத்தொகையைக் கைலாசபுரம் பழைய பரமசிவம் பிள்ளையின் பெயரில் வரவு வைக்கிறார். ஊர், பெயர், சாதிப் பட்டம் ஆகியவற்றுடன் அமையும் இப்பதிவு, பழைய கையொப்பப் பட்டியலின் வடிவத்தையே நினைவூட்டுகிறது. முகமறியாச் சந்தாதாரரைத் தெரிந்தவராக்கிக் கொள்ளாமல் இதழ் நடத்த இயலாத நிலையை அது உணர்த்துகிறது எனலாம். புரவலர் முறை மறைந்து சந்தை முறை வந்தது என்று வரலாற்றில் எளிதாக எழுதிவிடுகிறோம். இரண்டும் ஒரே கணக்கேட்டில் உடனிருந்தமையை இக்கதை காட்டுகிறது.

‘ஒரு நாள் கழிந்தது’ கதையின் முருகதாசர் நாவல் எழுதும் கனவுடையவர். பிழைப்புக்கு எழுதுவதோ விளம்பரங்கள். அவர் வாழ்வில் கடனும் நண்பரும் உண்டு. அவர் நூலை எதிர்நோக்கும் பதிப்பாளர் எவருமில்லை. பதிப்புலகம் இங்கு இன்மையாலேயே உணர்த்தப்படுகிறது.

பணத்திலிருந்து புகழுக்கு

1981 இல் க்ரியா வெளியிட்ட ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ வேறொரு கட்டத்தைச் சார்ந்தது. மலையாள எழுத்தாளனாகப் படைக்கப்பட்ட ஜோசப் ஜேம்ஸைத் தமிழ் எழுத்தாளனான பாலு தேடிச் செல்கிறான். இங்கு முதன்மை பெறுவது சந்தா அன்று; யார் எழுத்தாளர் என்பதைத் தீர்மானிக்கும் குழுக்களும் கொள்கைச் சார்புகளும் புகழுமே. கதை கேரளத்தில் நிகழினும், அங்குள்ள இலக்கியச் சூழலைப் பேசுவதன்வழித் தமிழ்ச் சூழலையும் நாவல் விசாரணைக்கு உட்படுத்துகிறது. 1974 இல் தொடங்கப்பெற்ற ஒரு சிறு பதிப்பகத்தின்வழி இந்நாவல் வெளிவந்தமையும், வெகுசன இதழ்களுக்கு வெளியே உருவான வாசகரைச் சுட்டுகிறது.

சான்றின் எல்லை

கதையில் வரும் 25 ரூபாயை அக்கால ஆயுள் சந்தாவின் பொது அளவாகக் கொள்ளுதல் பொருந்தாது. புனைகதை எண்ணிக்கைக்குச் சான்றன்று, உறவுகளுக்குச் சான்று. அச்சான்றும் ஒருபக்கம் சாய்ந்தது. ஊழியன், தினமணி முதலிய இதழ்களில் பணியாற்றிய புதுமைப்பித்தன் அச்சுலகை ஆசிரியர் மேசையிலிருந்து கண்டவர். இம்மூன்று படைப்புகளிலும் எழுத்தாளரும் இதழாளருமே நடுவிடம் பெறுகின்றனர். அச்சுக்கோப்பவரும் கட்டடம் செய்பவரும் பெறவில்லை.

முடிவுரை

ஆதலின் புனைகதையைத் தனித்து நில்லாமல் முன்னுரைகள், கையொப்பக்காரர் பட்டியல்கள், இதழ் விளம்பரங்கள் ஆகியவற்றோடு வைத்துப் படித்தல் வேண்டும். பழைய இதழ்களைக் கட்டடம் செய்யும்போது மேலட்டைகளும் விளம்பரப் பக்கங்களும் நீக்கப்படுவதுண்டு. மறுபதிப்புகள் பலவற்றில் முதல் வெளியீட்டுக் குறிப்பும் விடுபடுகிறது. கந்தசாமிப் பிள்ளையின் கற்பனைக் கணக்கேடு நம்மிடம் உள்ளது. அதை ஒப்பிட்டு நோக்குதற்குரிய உண்மை ஏடுகளைக் காப்பது நூலகங்களின், ஆய்வாளர்களின் கடமையாகும்.