படையும் ஈயும்: ஒரு பூச்சிக் குடும்பப் பெயரின் வரலாறும் எல்லைத் தமிழில் அதன் நிலையும்

1. முன்னுரை

கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய மாவட்டங்களின் கிழக்கெல்லைகளில் தமிழ் பேசும் வேளாண்குடிகள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதி முதலிய ஊர்களும், தேவிகுளம் வட்டத்தின் மறையூர், காந்தளூர், வட்டவடை முதலிய மலையூர்களும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கன. இம்மக்களுக்கு வேளாண்மைச் செய்திகள் இரு வழிகளில் வந்து சேர்கின்றன. ஒன்று, கேரள அரசுத் துறைகளிலிருந்தும் மலையாள இதழ்களிலிருந்தும் வருவது. மற்றொன்று, அண்டையிலுள்ள பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, தேனிப் பகுதிகளிலிருந்து தமிழில் வருவது. இவ்விரு வழிகளும் சந்திக்கும் இடத்தில் கலைச்சொற்கள் ஒன்றோடொன்று மோதுவதுண்டு.

மலையாளத்தில் 'பட்டாளப்புழு' என்னும் சொல் இன்று இருவேறு பூச்சிகளைக் குறிக்கிறது. ஒன்று பயிரை அழிக்கும் அந்துப்பூச்சியின் புழு. மற்றொன்று கழிவை உண்டு மண்ணுக்கு வளம் சேர்க்கும் ஈயின் புழு. முன்னதைத் தமிழ் 'படைப்புழு' என்கிறது. பின்னதற்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இன்னும் அமையவில்லை. இந்த ஈக் குடும்பத்தின் வகைப்பாட்டு வரலாற்றையும், அதன் பெயர் மொழிக்கு மொழி பெயர்ந்த முறையையும் ஆராய்ந்து, தமிழில் அதற்குரிய பெயர் எதுவாதல் வேண்டும் என்று காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. குடும்பமும் அதன் அடையாளங்களும்

ஈக்கள் 'டிப்டிரா' என்னும் வரிசையில் அடங்குவன. இக்கிரேக்கச் சொல் 'இருசிறகுடையது' எனப் பொருள்படும். அரிஸ்டாட்டில் கையாண்ட இச்சொல்லையே லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் வகைப்பாட்டுக்கு உரியதாக்கினார். பெரும்பான்மைப் பூச்சிகளுக்கு நான்கு சிறகுகள் உண்டு. ஈக்களுக்கோ பின்னிணைச் சிறகுகள் சுருங்கி, பறக்கும்போது நிலைகாக்கும் சிறு குமிழ்களாக மாறியுள்ளன.

இவ்வரிசையின் குடும்பங்களுள் ஒன்று 'ஸ்ட்ராட்டியோமைடே'. நார்மன் உட்லி 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட உலகப் பட்டியல் இக்குடும்பத்தில் 375 பேரினங்களையும் 2,651 சிற்றினங்களையும் கணக்கிட்டு, அவற்றை 12 துணைக்குடும்பங்களாகப் பகுத்தது. அதன்பின் விவரிக்கப்பட்ட புதிய சிற்றினங்களால் இத்தொகை பெருகியுள்ளது.

இக்குடும்பத்தை அறிய உதவும் அடையாளங்கள் மூன்று. முதலாவது, சிறகின் நரம்புகள் முன்விளிம்பை ஒட்டி நெருங்கியிருப்பதும், சிறகின் நடுவிலுள்ள அறை சிறுத்திருப்பதும். இரண்டாவது, புழுவின் தோலில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து அது கடினமாதல். மூன்றாவது, புழு தன் கடைசித் தோலைக் கழற்றாமல் அதனுள்ளேயே கூட்டுப்புழுவாதல். இவற்றோடு, பல பேரினங்களில் முதுகின் பின்பகுதியிலுள்ள சிறு தகட்டில் முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். குடும்பத்தின் பெயருக்கு வித்திட்டவை இம்முட்களே. எனினும் எல்லாப் பேரினங்களிலும் இவை காணப்படுவதில்லை.

வாழ்முறையாலும் இக்குடும்பம் பன்மை மிக்கது. 'ஸ்ட்ராட்டியோமிஸ்', 'ஓடோன்டோமையா' ஆகிய பேரினங்களின் புழுக்கள் நீரில் வாழ்ந்து, வாலிலுள்ள மயிர்க்கற்றையை நீர்மட்டத்தில் விரித்து மூச்சுவிடுகின்றன. 'பேக்கிகாஸ்டிரினே' துணைக்குடும்பத்தின் புழுக்கள் மிகுதியும் மரப்பட்டைகளின் அடியில் வாழ்வன. 'டெக்டிக்கஸ்' பேரினத்தின் புழுக்கள் அழுகும் பழங்களிலும் தாவரக் கழிவுகளிலும் வளர்கின்றன. ஒரே பெயரின்கீழ் இத்தனை வாழ்முறைகள் அடங்கியிருப்பது, பெயரிடுவோர் மனத்தில் கொள்ளத்தக்க செய்தியாகும்.

3. பெயர் பிறந்த வரலாறு

லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் ஈக்களுள் பலவற்றை 'மஸ்கா' என்னும் ஒரே பேரினத்தில் அடக்கினார். இலத்தீனில் 'மஸ்கா' என்பது 'ஈ' என்றே பொருள்படும். இன்று கழிவு மேலாண்மையில் புகழ்பெற்றிருக்கும் சிற்றினத்தை அவர் 'மஸ்கா இல்லூசென்ஸ்' என்று குறித்தார். 'இல்லூசென்ஸ்' என்பதற்கு 'ஒளிர்வது' என்று பொருள். இவ்வீயின் கரிய வயிற்றில் ஒளி புகும் இரு சாளரங்கள்போல் வெளிறிய பகுதிகள் உள்ளமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

பிரெஞ்சு அறிஞர் ஜெஃப்ராய் 1762ஆம் ஆண்டில் முள்ளுடைய ஈக்களைத் தனியே பிரித்து 'ஸ்ட்ராட்டியோமிஸ்' என்னும் பேரினத்தை அமைத்தார். கிரேக்கத்தில் 'ஸ்ட்ராட்டியோடேஸ்' என்பது படைவீரன். 'மையா' என்பது ஈ. இதற்கு இணையாக அவர் பிரெஞ்சில் வழங்கிய பெயர் 'ஆயுதம் தாங்கிய ஈ' எனப் பொருள்படுவது. எனவே பெயர் பிறந்தபொழுதே அதற்கு இரண்டு முகங்கள் இருந்தன: கிரேக்கப் பெயர் ஆளைச் சுட்டியது, பிரெஞ்சுப் பெயர் ஆயுதத்தைச் சுட்டியது. லத்ரெயில் 1802ஆம் ஆண்டில் இப்பேரினத்தின் பெயரை அடியாகக் கொண்டு குடும்பத்தை நிறுவினார். லின்னேயஸ் குறித்த ஒளிரும் ஈயும் பின்னர் 'ஹெர்மீஷியா' என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்டு 'ஹெர்மீஷியா இல்லூசென்ஸ்' ஆயிற்று.

ஹெர்மீஷியாவின் முதுகுத் தகட்டில் முள் இல்லை. இவ்வீ கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. குளவியின் தோற்றம் ஒன்றே அதற்குரிய காப்பு. இக்குடும்பத்தில் இன்று உலகம் நன்கறிந்த 'வீரன்' ஆயுதமற்றவன் என்பது பெயர் வரலாற்றின் முரணாகும். பெயர் குழுவுக்கு இடப்படும்பொழுது ஓர் உறுப்பினரின் பண்பு அனைவர்மீதும் ஏற்றப்படுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

4. பிறமொழிகளில் பெயர் பெயர்ந்த முறை

ஐரோப்பிய மொழிகளும் ஆசிய மொழிகளும் இப்பெயரை மூன்று வகையாகக் கையாண்டுள்ளன.

முதல் வகை, ஆயுதத்தைப் போற்றுவது. ஜெர்மன், டச்சு மொழிப் பெயர்கள் 'ஆயுத ஈ' எனப் பொருள்படுவன.

இரண்டாம் வகை, ஆளைப் போற்றுவது. ஆங்கிலம் 'படைவீரன்' எனப் பொருள்படும் தனியாட் பெயரையே ஈ என்பதற்கு முன் இட்டு வழங்குகிறது.

மூன்றாம் வகை, இரண்டையும் விட்டு வாழிடத்தைக் கொள்வது. ஜப்பானிய மொழி இக்குடும்பத்தை 'மிசு அபு' என்கிறது. 'மிசு' என்பது நீர், 'அபு' என்பது மாட்டு ஈ போன்ற பெரிய ஈ. ஹெர்மீஷியாவின் புழு நீரில் வாழ்வதில்லையாயினும் அதுவும் அங்கு 'அமெரிக்க மிசு அபு' என்றே வழங்குகிறது.

முட்களைச் சுட்டும் பெயரும் வாழிடத்தைச் சுட்டும் பெயரும் ஹெர்மீஷியாவுக்குப் பொருந்தவில்லை. ஆளைச் சுட்டும் பெயர் உருவத்தை விவரிப்பதில்லை. ஆதலால் அது பொய்ப்பதுமில்லை. தமிழில் 'முள்ளீ' என்பதுபோல் விளக்கப் பெயர் ஒன்றைப் புதிதாகப் படைக்க விரும்புவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

5. இந்தியாவில் வகைப்பாடு

இந்திய ஈக்களின் வகைப்பாட்டில் என்ரிக்கோ புருனெட்டியின் (1862–1927) பணி அடிப்படையானது. இலண்டனில் பிறந்த இவர் இசையைத் தொழிலாகக் கொண்டவர். ஈக்களின் ஆய்வு அவருடைய தனி ஈடுபாடாகவே இருந்தது. கீழைநாடுகளின் ஸ்ட்ராட்டியோமைடே குடும்பத்தைப் பற்றி 1907ஆம் ஆண்டில் ஒரு திருத்தாய்வை வெளியிட்டார். 'பிரித்தானிய இந்தியாவின் விலங்கினம்' என்னும் வரிசையில் 1920ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய தொகுதி இக்குடும்பத்தையும் உள்ளடக்கியது. 1923ஆம் ஆண்டில் இரண்டாம் திருத்தாய்வும் வெளிவந்தது. ஒரே அறிஞர் தம் வகைப்பாட்டைத் தாமே இருமுறை திருத்தினார் என்பது, வகைப்பாடு முடிந்த முடிபன்று என்பதைக் காட்டும். அவருடைய நூல்களில் 'ஸ்ட்ராட்டியோமையா' என்றிருந்த பேரினப் பெயர், ஜெஃப்ராய் இட்ட 'ஸ்ட்ராட்டியோமிஸ்' என்னும் பழைய வடிவத்துக்கே பின்னர் மீண்டது. முந்திய பெயரே முதன்மை பெறும் என்பது விலங்கியல் பெயரீட்டின் விதி. மக்கள் வழங்கும் பெயர்களுக்கு இத்தகைய விதி எதுவுமில்லை. மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு மிகுவது இதனாலேயே.

6. தமிழ் மரபில் ஈ

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாகப் பகுக்கிறது. எறும்பும் கறையானும் மூவறிவுயிர்களாகவும், நண்டும் தும்பியும் நாலறிவுயிர்களாகவும் அங்கு வைக்கப்படுகின்றன. இப்பகுப்பு உடலமைப்பை அளவுகோலாகக் கொண்டதன்று. புலன்களை அளவுகோலாகக் கொண்டது. ஆதலின் சிறகின் எண்ணிக்கையால் வகுக்கும் மேலைப் பகுப்போடு இது ஒத்துவராது.

'ஈ' என்னும் சொல் திராவிட மொழிகளில் பழமையானது. மலையாளத்தில் 'ஈச்ச' என்றும் தெலுங்கில் 'ஈக' என்றும் அது வழங்குகிறது. தமிழிலும் மலையாளத்திலும் தேன் சேர்க்கும் நாற்சிறகுப் பூச்சியும் 'ஈ' என்பதன்பாலே அடங்கித் 'தேனீ', 'தேனீச்ச' எனப்படுகிறது. மக்கள் வழக்கில் 'ஈ' என்பது ஒரு வரிசையின் பெயரன்று. பறக்கும் சிறு பூச்சிகளின் பொதுப்பெயர்.

வேளாண் வழக்கில் ஈப்பெயர்கள் மூவகையில் அமைந்துள்ளன. 'மாட்டு ஈ', 'பழ ஈ' என்பன நாடும் பொருளாலும், 'குருத்து ஈ' என்பது தாக்கும் உறுப்பாலும், 'ஆனைக்கொம்பன் ஈ' என்பது விளைக்கும் சேதத்தாலும் வந்த பெயர்கள். நெற்பயிரின் தூர் யானைத் தந்தம்போல் வெளிறி நீள்வதைக் கண்ட உழவர், சேதத்தின் பெயரைப் பூச்சிக்கு இட்டனர். மூவகையிலும் பூச்சியின் உருவம் பெயரில் இடம்பெறவில்லை. உழவர் வாழ்வோடு அதற்குள்ள உறவே பெயராயிற்று. பயிருக்குத் தீங்கு செய்யாத ஈக்கு இம்மரபில் பெயர் தோன்றாமற் போனதன் காரணமும் இதுவே எனலாம்.

7. எல்லைப் பகுதியின் மொழிச் சூழல்

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபொழுது, கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்திலேயே அமைந்தன. கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த சித்தூரும் கேரளத்தின் பகுதியாயிற்று. இடுக்கி மாவட்டம் 1972ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தத்தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளித்தது. உரிமை அவ்வாறிருப்பினும், அறிவியற் செய்தி முதலில் மலையாளத்தில் உருவாகிப் பின்னரே தமிழாவதால், மலையாளக் கலைச்சொல்லின் சாயல் எல்லைத் தமிழில் படிகிறது. ஒலியிலும் வடிவிலும் இரு மொழிகளும் நெருங்கியவை ஆதலின், சொல்லை அப்படியே எழுத்துப்பெயர்த்துவிடுவது எளிது. பொருள் பிறழ்வதும் அவ்வெளிமையினாலேயே.

8. பட்டாளமும் சிப்பாயும்

அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட 'ஸ்போடாப்டிரா ஃப்ரூகிபெர்டா' என்னும் அந்துப்பூச்சி 2018ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. தமிழகத்தின் மக்காச்சோளப் பயிரும் அவ்வாண்டிலேயே பெருஞ்சேதமுற்றது. இதன் புழுவைத் தமிழக வேளாண் துறையினர் 'அமெரிக்கன் படைப்புழு' என்றனர். கூட்டமாக வந்து வயலை அழிப்பதால் இவ்வகைப் புழுக்களுக்குப் படைப்பெயர் வந்தது. ஹெர்மீஷியாவும் அமெரிக்காவிலிருந்தே பரவியதாகும். எனவே 'அமெரிக்கன்' என்னும் அடையாலும் இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது.

ஆங்கிலம் இங்குத் தெளிவான வேறுபாட்டைக் காக்கிறது: அந்துப்பூச்சியின் புழுவுக்குப் படையின் பெயர், ஈக்குப் படைவீரனின் பெயர். முன்னது தொகுதிப்பெயர், பின்னது தனியாட்பெயர். மலையாளம் இரண்டையும் 'பட்டாளம்' என்னும் தொகுதிப்பெயரில் அடக்கியதால் வேறுபாடு மறைந்தது. தமிழில் 'புழு' என்னும் சொல்லும் இதனைத் தீர்க்க உதவாது. காலுடைய அந்துப்பூச்சிப் புழுவையும் காலற்ற ஈப்புழுவையும் தமிழ் ஒரே சொல்லால் குறிக்கிறது.

இப்பிறழ்ச்சியின் விளைவு ஏட்டோடு நிற்பதன்று. கழிவுத் தொட்டியில் தாமே தோன்றும் ஈப்புழுவைப் 'படைப்புழு' என்று படித்த உழவர் அதன்மேல் மருந்து தெளிக்கக்கூடும். அப்புழு கழிவை விரைந்து மட்கச் செய்வது. வீட்டு ஈ அங்குப் பெருகுவதைக் குறைப்பது. கோழிக்கும் மீனுக்கும் தீவனமாவது. மறுதலையாக, 'பட்டாளப்புழு நன்மை செய்வது' என்று கேட்டவர் மக்காச்சோளக் குருத்திலுள்ள புழுவை வாளாவிட்டு விளைச்சலை இழக்கவும் கூடும். தலையில் தலைகீழான 'ஒய்' வடிவக் கோடும், வால்புறத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் உடையது படைப்புழு. தட்டையாகவும் பழுப்பாகவும் காலின்றியும் கடினத் தோலோடும் இருப்பது ஈப்புழு. கண்டோர் எளிதில் பிரித்தறியலாம். ஆனால் பெயரை மட்டும் கேட்டோர்க்கு அது இயலாது.

தமிழில் இவ்வீக்குப் 'படைவீரர் ஈ', 'போர்வீரன் ஈ', 'சிப்பாய் ஈ' எனப் பல வடிவங்கள் வழங்குகின்றன. இவற்றுள் முதல் வடிவம் 'படை' என்னும் சொல்லோடு தொடங்குவதால், சுருக்கிப் பேசும்போது 'படை ஈ' ஆகிப் படைப்புழுவை நினைவூட்டும். இரண்டாம் வடிவம் கறையானின் 'போர்வீரர்' பிரிவோடு மயங்கும்; கறையானில் அது செயலைக் குறிக்கும் பெயர், ஈயில் வெறும் இடுபெயர். 'சிப்பாய்' என்பது பாரசீக மூலத்தினின்று வந்து தமிழில் நிலைத்துவிட்ட தனியாட்பெயர். மூலப்பெயரின் பொருளைக் காப்பதும், படைப்புழுவினின்று ஒலியாலும் விலகி நிற்பதும் இதுவே. பிறமொழிச் சொல் என்பது ஒரு குறையெனின், 'பட்டாளம்' என்பதும் ஐரோப்பிய மூலமுடையதே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. ஸ்ட்ராட்டியோமைடே என்னும் பெயர் சில பேரினங்களின் முட்களிலிருந்து பிறந்து, முள்ளற்றவற்றையும் தழுவிய குடும்பப் பெயராயிற்று. உருவத்தாலோ வாழிடத்தாலோ அமையும் விளக்கப்பெயர் இத்துணைப் பன்மையுடைய குடும்பத்துக்குப் பொருந்தாது. குடும்பத்துக்குச் 'சிப்பாய் ஈக்கள்' என்பதும், ஹெர்மீஷியாவுக்குக் 'கருஞ்சிப்பாய் ஈ' என்பதும், அதன் புழுவுக்குச் 'சிப்பாய் ஈப்புழு' என்பதும் ஏற்புடையன. 'படைப்புழு' என்பது அந்துப்பூச்சியின் புழுவுக்கே உரியதாக நிற்றல் வேண்டும். மலையாளத்தினின்று பெயர்ப்போர் 'பட்டாளப்புழு' என்னும் சொல்லைக் காணுமிடத்து, அது உண்பது பயிரா கழிவா என்று வினவியறிந்து, அதன் பின்னரே தமிழ்ச்சொல்லைத் தேர்தல் வேண்டும். எல்லைத் தமிழ் உழவரின் வயலும் எருக்குழியும் அவ்விடையைச் சார்ந்துள்ளன.