மின்கித்தாரின் குதிரை

வீணையிலும் வயலினிலும் தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறிய உறுப்பைக் குதிரை என்று அழைக்கிறோம். தந்தியின் அசைவை மரத்திற்கு எடுத்துச் செல்வது அது. ஒலிக்கும் தந்தியின் நீளம் இவ்வளவு என்று வரையறுப்பதும் அதுவே. மேலைநாட்டு மின்கித்தாரிலும் இவ்வுறுப்பு உண்டு. ஆங்கிலேயர் அதனைப் பாலம் என்பர்; அதன்மேல் தந்தி அமரும் துண்டைச் சேணம் என்பர். நம் மொழியிலோ குதிரையும் சேணமும் இயல்பாகவே பொருந்திவிடுகின்றன. பழைய குதிரையைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தும் வழக்கம் மின்கித்தார் உலகில் எவ்வாறு எழுந்தது, அதனால் விளைந்த நன்மையும் தீமையும் யாவை என்பதை இங்கே காண்போம்.

முதலில் ஓர் அடிப்படையை உணர்தல் வேண்டும். தந்தியை மெட்டின்மீது அழுத்துங்கால் அது சிறிது இழுபடுகிறது. ஆகவே சுரம் கணக்கைவிடச் சற்றே உயர்கிறது. இதனை ஈடுசெய்யச் சேணத்தைச் சிறிது பின்னுக்குத் தள்ளித் தந்தியின் நீளத்தைக் கூட்டுகின்றனர். எவ்வளவு கூட்டுவது என்பது தந்திக்குத் தந்தி வேறுபடும். பருத்த வெறுந்தந்திக்கு மிகுதியாகவும், மெல்லியதற்குக் குறைவாகவும் வேண்டும். சுற்றுத் தந்தியாயின் உள்ளிருக்கும் நடுக்கம்பியின் பருமனே பெரும்பாலும் அதனை முடிவு செய்கிறது. ஆறு தந்திகளுக்கும் ஆறு அளவுகள் தேவை என்பது இதனால் விளங்கும்.

இந்த உண்மை தொழிற்சாலைக்குள் நுழையச் சில காலம் பிடித்தது. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்ட்டன் நகரில், 1938 ஆம் ஆண்டில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தவர் லியோ ஃபெண்டர். கெட்டி மரத்தாலான அவருடைய மின்கித்தார் 1950 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1951 இல் அதற்கு டெலிகாஸ்டர் என்னும் பெயர் வந்தது. அதன் குதிரையில் மூன்றே சேணங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு தந்திகளைச் சுமந்தது. ஒரு தந்திக்குச் சரிசெய்தால் அதன் துணைத் தந்திக்குச் சுருதி தவறும். இரண்டிற்கும் இடையே ஒரு சமரசத்தோடு வாசிப்பவர் மனநிறைவு கொள்ள வேண்டியதாயிற்று.

கிப்சன் நிறுவனத்தார் 1952 இல் வெளியிட்ட லெஸ் பால் கித்தாரில் குறை வேறு விதமாக இருந்தது. அங்கே தந்திகள் குறுக்குக் கம்பியின் மேலே செல்லாமல் அடியில் சென்றன; வலக்கையின் விளிம்பை ஊன்றி ஒலியை அடக்குவது கடினமாயிற்று. அடுத்த ஆண்டே அவ்வமைப்பு மாற்றப்பட்டது.

1954 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் தந்திக்கொரு சேணமாக ஆறு சேணங்களுடன் வெளிவந்தது. அதே ஆண்டில் கிப்சன் தலைவர் டெட் மெக்கார்ட்டி வகுத்த டியூன்-ஓ-மேட்டிக் என்னும் குதிரையும் கித்தார்களில் இடம்பெற்றது. அதிலும் சேணங்கள் ஆறு. ஒரு சிறு திருப்புளியைக் கொண்டு தந்தி ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிசெய்ய முடிந்தது.

ஆயினும் தந்திகளே மாறினால் என் செய்வது? அக்காலத்தில் மூன்றாம் தந்தி பெரும்பாலும் சுற்றுத் தந்தியாகவே இருந்தது. 1962 இல் எர்னி பால் என்பவர் மெல்லிய தந்தித் தொகுதிகளைக் கொணர்ந்தார். மூன்றாம் தந்தியை வெறுந்தந்தியாக இடும் வழக்கம் பரவியது. மூன்றாவதையும் நான்காவதையும் ஒரே சேணத்தில் சுமந்த பழைய டெலிகாஸ்டரில் முரண்பாடு முன்னிலும் பெருகிற்று. இவ்வாறு குதிரையை மாற்றவேண்டிய தேவை வளர்ந்தது. 1970-களில் மாற்று உறுப்புக்களைச் செய்து விற்பதே ஒரு தனித்தொழிலாயிற்று.

சுரத்தை அசைக்கும் நெம்புகோலின் கதையும் இத்தகையதே. 1940-களின் பிற்பகுதியில் மெர்ல் டிராவிஸ் என்னும் கலைஞர், தம் கித்தாரிலிருந்த நெம்புகோல் சுருதியைக் கெடுக்கிறது என்று பால் பிக்ஸ்பி என்னும் இயந்திர வினைஞரிடம் கொடுத்தார். பழையதைச் செப்பனிடுவதினும் புதியது செய்தலே நன்று என்று கண்ட பிக்ஸ்பி, தம் பெயர் தாங்கிய அமைப்பை உருவாக்கினார். பின்னர் ஃபிளாய்டு ரோஸ் என்பவர் தந்தியின் இரு முனைகளையும் இறுகப் பூட்டும் முறையைக் கண்டு, 1979 இல் காப்புரிமை பெற்றார். எவ்வளவு அசைத்தாலும் சுருதி மீண்டு வந்தது. ஆனால் அதனைப் பழைய கித்தாரில் பொருத்த மரத்தைக் குடைய வேண்டியிருந்தது.

இங்கேதான் நாம் எச்சரிக்கை கொள்ளவேண்டும். 1950-களின் கித்தார்கள் பல, பிற்காலத்தில் புதுமை வேட்கையால் துளையிடப்பட்டன. இன்று அவை அரும்பொருள்கள். துளையிடாதவற்றிற்குள்ள மதிப்பு துளையிட்டவற்றிற்கு இல்லை. திருகிய ஆணியை மீண்டும் கழற்றலாம். குடைந்த மரம் திரும்பி வாராது.

ஆகவே, கருவி எடுக்குமுன் அளவு எடுத்தல் வேண்டும். கழுத்தின் தலைப்பில் தந்திகள் தங்கும் மேட்டிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரையுள்ள தொலைவை இரட்டித்தால் தந்தி நீளத்தின் அடிப்படை அளவு கிடைக்கும். ஃபெண்டர் கித்தார்களில் அது பெரும்பாலும் 25½ அங்குலம். பிறகு ஆணித்துளைகளின் இடைவெளியும் தந்திகளின் இடைவெளியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் குதிரை ஆறு ஆணிகளில் நிற்கும். 1980-களில் வந்த புதுவகையோ இரண்டு தூண்களில் நிற்கும். ஒன்றினிடத்தில் மற்றது தானே பொருந்தாது. ஆணியின் மரை அங்குல அளவினதா, மில்லிமீட்டர் அளவினதா என்பதும் முக்கியம்; மாறானதை வலிந்து திருகினால் மரை அழியும்.

பொருத்திய பின் புதுத் தந்திகளைப் பூட்டிச் சுருதி கூட்டி, முதலில் உயரத்தைச் சரிசெய்தல் வேண்டும். அதன் பின்னரே நீளம். பன்னிரண்டாம் மெட்டின் நேரே தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அங்கே அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாயிருத்தல் வேண்டும். அழுத்திய சுரம் உயர்ந்திருந்தால் சேணம் பின்னுக்கு, தாழ்ந்திருந்தால் முன்னுக்கு. ஒவ்வொரு முறை நகர்த்திய பின்னும் சுருதியைப் புதிதாகக் கூட்டியே ஒப்பிட வேண்டும்.

கழற்றிய பழைய குதிரையை அதன் ஆணிகளோடு ஒரு பையிலிட்டுக் கித்தார்ப் பெட்டியிலேயே வைத்திருப்பது நல்ல வழக்கம். வாசிப்பவரின் செவி குறை கண்டதால்தான் குதிரை வளர்ந்தது; மூன்று சேணம் ஆறானதும், நெம்புகோல் பூட்டுப் பெற்றதும் அவ்வாறே. அச்செவியின் விருப்பம் நாளை மாறவுங்கூடும். அன்று பழைய ஒலியை நாடி வருபவருக்கு வழி அடைபட்டிராதபடி இன்றைய மாற்றத்தைச் செய்வதே, கருவியை நமக்கு முன் செய்தவருக்கும் நமக்குப்பின் வாசிக்கப் போகிறவருக்கும் நாம் செய்யும் மரியாதை.