பிரான்சிஸ் லைட்டின் பூர்வீகத்தைத் தேடி



பினாங்கில் கார்ன்வாலிஸ் கோட்டையைச் சுற்றிப் பார்த்தவர்கள் அங்கே ஒரு வெண்கலச் சிலையைக் கண்டிருப்பார்கள். அது பிரான்சிஸ் லைட்டின் சிலை. 1786ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் அத்தீவில் இறங்கி, ஆகஸ்டு 11ஆம் நாள் ஆங்கிலக் கொடியை ஏற்றியவர் அவர். அதன் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1936ஆம் ஆண்டில் அச்சிலை செய்யப்பட்டது. ஆனால் சிலையில் நாம் காணும் முகம் அவருடைய முகம் அன்று. அவருடைய படம் ஒன்றும் கிடைக்காமையால், மகன் வில்லியமின் சாயலை வைத்தே சிற்பி அதை வடித்தார்.

ஊரறிந்த மனிதரின் முகமே இப்படி மறைந்துபோனது என்றால், அவருடைய பூர்வீகம் எவ்வளவு மறைந்திருக்கும்? அவர் எந்த ஊர்? தாய் யார், தந்தை யார்? ஆங்கில நாட்டார் தம் முன்னோரைத் தேடும் முறையைப் பின்பற்றி இக்கேள்விகளுக்கு விடை காண முயல்வோம். தேடும் வழியும் தெரியும்; அந்த வழி எங்கே நின்றுவிடுகிறது என்பதும் தெரியும்.

தேடுகிறவர்கள் முதலில் பிடிக்க வேண்டியது ஊர்ப் பெயரை. புலம்பெயர்ந்தவன் பிறந்த மண்ணை மறப்பதில்லை. புதிய இடத்துக்குப் பழைய ஊரின் பெயரை வைத்துவிடுவான். பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் லைட் காடு வெட்டி மிளகுத் தோட்டம் போட்டார். அத்தோட்டத்துக்கு அவர் இட்ட பெயர் சஃபோக். அங்கே இன்று நிற்கும் சஃபோக் மாளிகை பின்னாளில் எழுந்தது. பெயர் மட்டும் அவர் தந்தது. சஃபோக் என்பது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு மாவட்டம். ஆகவே அங்கே போய்த் தேடுவோம்.

இங்கே ஓர் இடைஞ்சல் உண்டு. இங்கிலாந்தில் அரசாங்கமே பிறப்பு இறப்புகளைப் பதியத் தொடங்கியது 1837ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில்தான். மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரும் எந்த ஊரில் பிறந்தார் என்று சரியாகக் கேட்டு எழுதியது 1851ஆம் ஆண்டில்தான். லைட்டோ 1794ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டவர். அவர் போன்றவர்களைத் தேட, அதற்கும் முந்திய ஏடுகளைப் புரட்ட வேண்டும்.

அந்த ஏடுகள் தேவாலயங்களில் இருந்தன. 1538ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு தேவாலயத்தின் குருவும் தம் வட்டாரத்தில் நடக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஒரு பதிவேட்டில் எழுதிவர வேண்டும் என்பதே அந்த ஆணை. 1598ஆம் ஆண்டு முதல், ஆண்டுதோறும் அவற்றின் நகல் ஒன்றும் பிஷப்புக்கு அனுப்பப்பட்டது. மூலத்தைக் கரையான் தின்றாலும் நகல் கைகொடுக்கும். இப்போது இந்தப் பழைய ஏடுகளில் பெரும்பாலானவை அந்தந்த மாவட்டத்தின் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. பலவற்றைக் கணினித் திரையிலேயே பார்க்கவும் முடிகிறது.

அப்படிப்பட்ட பதிவேடு ஒன்றில்தான் லைட் அகப்படுகிறார். சஃபோக்கில் டாலிங்ஹூ என்று ஒரு சிறிய கிராமம். அவ்வூர்த் தேவாலயத்தில் 1740ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் பிரான்சிஸ் என்ற குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. இது பிறந்த நாள் அன்று, ஞானஸ்நானம் பெற்ற நாள் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. 1752ஆம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25ஆம் நாள் பிறந்தது. ஏட்டில் 1740 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1741 பிப்ரவரி. நல்ல வேளையாக டிசம்பர் மாதத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை.

குழந்தைக்குத் தாயாக எழுதப்பட்டிருக்கும் பெயர் மேரி லைட். தந்தை பெயர் இல்லை. லைட் என்பது தாய்வழி வந்த பெயரே.

தந்தை பெயர் இல்லாமல் பிறந்த குழந்தையை அக்கால ஆங்கிலச் சட்டம் ‘யாருடைய பிள்ளையும் அல்ல’ என்று சொன்னது. தகப்பன் சொத்தில் அதற்கு உரிமை இல்லை. தாயும் தந்தையும் பிறகு மணந்துகொண்டாலும் பிள்ளையின் நிலை மாறாது. 1926ஆம் ஆண்டில்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

அப்படியானால் தந்தையைத் தேடவே வழியில்லையா? ஒரு வழி உண்டு. அது ஏழைகளைப் பற்றிய காகிதங்கள். வேலையின்றித் தவிக்கும் ஏழைக்குச் சோறு போட வேண்டியது அவன் சொந்த வட்டாரத்தின் கடமை. அதற்காக ஊரார் வரி கட்டினார்கள். எனவே எவன் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தவன் என்பது பெரிய வழக்காயிற்று. 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேற்றூரிலிருந்து வந்து ஊருக்குப் பாரமாகக் கூடியவன் என்று கருதப்பட்டவனை இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் விசாரித்துச் சொந்த வட்டாரத்துக்கே திருப்பி அனுப்பலாம். எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய், எத்தனை நாள் செய்தாய் என்று கேட்டு எழுதினார்கள். திருமணமாகாத தாயிடம் குழந்தைக்குத் தகப்பன் யார் என்று கேட்டார்கள். அவள் சொன்ன ஆளிடம், குழந்தையால் ஊருக்குச் செலவு வராது என்று ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கினார்கள்.

இவற்றை யாரும் அன்பினால் எழுதி வைக்கவில்லை. செலவை எவன் தலையில் கட்டுவது என்பதற்காகவே எழுதினார்கள். ஆயினும் எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர் பலருடைய வாழ்க்கைக் கதை இன்று கிடைப்பது அந்தக் காகிதங்களில்தான். காலத்தின் விசித்திரம் அது. கையில் காசிருந்தவன் ஊருக்குப் பாரமாகவில்லை. எனவே அந்தக் காகிதத்திலும் அவன் அகப்பட மாட்டான்.

பிரான்சிஸ் ஊருக்குப் பாரமாக வளரவில்லை. வில்லியம் நீகஸ் என்னும் நிலக்கிழார் அவரை எடுத்து வளர்த்தார். 1747ஆம் ஆண்டில் உட்பிரிட்ஜ் இலக்கணப் பள்ளியில் சேர்த்தார். நீகஸ்தான் தந்தையாக இருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் பலர் கருதினார்கள். பொருந்தி வருகிறது என்பது வேறு, எழுதியிருக்கிறது என்பது வேறு. பதிவேடு சொல்லாததைப் பதிவேட்டின் பெயரால் நாம் சொல்லக் கூடாது. முன்னோரைத் தேடுபவர்களுக்கு இதுதான் முதல் ஒழுக்கம்.

1754ஆம் ஆண்டில் சிறுவன் மார்ஸ் என்ற போர்க்கப்பலில் வைத்தியரின் பணியாளாக ஏறினான். கடற்படை ஒவ்வொரு கப்பலிலும் ஆட்பட்டியல் எழுதியது; நம் தோட்டத்துச் செக்ரோல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்பட்டியல்களில் வயதையும் பிறந்த ஊரையும் எழுதும் வழக்கம் 1764ஆம் ஆண்டு வாக்கில்தான் வந்தது. அதற்குள் லைட் கடற்படையை விட்டு விலகிவிட்டார். ஆக, அவருடைய பூர்வீகத்துக்கு டாலிங்ஹூ தேவாலயத்தின் அந்த ஒரு பதிவுதான் ஆதாரம்.

நேயர்களே, கதையின் மறுபாதியை இப்போது பார்ப்போம். லைட் தனி வணிகராகக் கிழக்கே வந்தார். இன்று புக்கெட் என்று வழங்கும் சாலாங் தீவில் தங்கி வாணிபம் செய்தார். மார்ட்டினா ரோசெல்ஸ் என்ற பெண்மணியுடன் குடும்பம் நடத்தினார். இருவருக்கும் தேவாலயத்தில் திருமணம் நடந்ததாகப் பதிவு எதுவும் அகப்படவில்லை. தமக்கு நேர்ந்த அதே நிலை தம் பிள்ளைகளுக்கும் வந்திருப்பதை லைட் அறியாமல் இருந்திருக்க முடியுமா?

1794ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் காய்ச்சலில் கிடந்தபோது அவர் உயில் எழுதினார். அதில் மார்ட்டினாவின் பெயரை வெளிப்படையாகக் குறித்து, 1772ஆம் ஆண்டு முதல் தம்முடன் வாழ்ந்தவர் என்று சொல்லி, சஃபோக் மிளகுத் தோட்டத்தை அவருக்கு எழுதி வைத்தார். அக்டோபர் 21ஆம் நாள் உயிர் பிரிந்தது. பதிவேட்டில் தகப்பன் பெயர் இல்லாத ஒருவர், தம் குடும்பத்தின் தாய் பெயரை உயிலில் நிலைநிறுத்திவிட்டுப் போனார்.

அந்த மார்ட்டினாவின் பூர்வீகம் என்ன? போர்த்துக்கேயரும் சயாமியரும் கலந்த குலம் என்பார் சிலர். மலாய்க்காரர் என்பார் சிலர். கெடா அரச குடும்பத்தோடு உறவு சொல்வாரும் உண்டு. உறுதியாகச் சொல்ல ஒரு பதிவேடு இல்லை. ஒரே வீட்டில் இருவர் வாழ்ந்தார்கள். கணவருக்காவது எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு வரி இருந்தது. மனைவிக்கு அதுவும் இல்லை. அவர்கள் மகன் வில்லியம் ஆறு வயதில் சஃபோக்குக்கு அனுப்பப்பட்டுப் படித்து வளர்ந்தார். 1836ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக்கு இடம் தேர்ந்து திட்டமிட்டார். அப்படிப்பட்டவரின் தாய்வழிப் பாட்டன் யார் என்று இன்றளவும் காட்ட முடியவில்லை.

லைட் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து பினாங்குக்கு வந்து கடை வைத்த நம்மவர்களும் இருந்தார்கள். சூலியா தெரு என்ற பெயர் அவர்களால் வந்தது. தெருவுக்குப் பெயர் நின்றது. அவர்களில் எத்தனை பேருடைய ஊரும் தாய் தகப்பன் பெயரும் நின்றன?

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? காகிதத்தில் இல்லாதவர் வாழாதவர் அல்லர். எழுதுகோல் யார் கையில் இருந்ததோ அவர்கள் தமக்கு வேண்டியதை எழுதினார்கள், மற்றவர்களை விட்டுவிட்டார்கள். தந்தை பெயர் இல்லாத வரியைக் கண்டு சந்ததியார் தலைகுனிய வேண்டியதும் இல்லை. மேரி லைட் தம் பிள்ளையை மறைக்காமல் தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றார். அதனால்தான் நமக்கு இவ்வளவாவது தெரிந்தது.

தோட்டப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரிடம் ஆசிரியர்களாகிய நாம் பிறப்புப் பத்திரம் கேட்கிறோம். அது இல்லாததால் அடையாளக் கார்டுக்கும் குடியுரிமைக்கும் அலைந்தவர்களை நம் லயங்களிலேயே கண்டிருக்கிறோம். பத்திரத்தைப் பத்திரமாக வைப்பது ஒரு கடமை. மற்றொரு கடமைக்கு எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை. வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் இன்றிரவே கேளுங்கள்: எந்த ஊர், எந்தத் தாலுகா, எந்த ஆண்டு கப்பல், கங்காணி யார், முதலில் இறங்கிய தோட்டம் எது, அவர்களைப் பெற்றவள் பெயர் என்ன? பெற்றவள் பெயரை மறக்காமல் கேளுங்கள். கேட்டதைப் பிள்ளையின் பள்ளிக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலாவது எழுதி, தேதி போட்டு வையுங்கள். நாளைக்கு நம் பேரப்பிள்ளைகள் தேடும்போது அந்த ஒரு பக்கமாவது அகப்படட்டும்.