அலைவரிசையும் கைப்பேசியும்

பழைய வானொலிப் பெட்டியைக் கையாண்டவர்கள், அதன் முகப்பில் மத்திய அலை, சிற்றலை என்று பிரித்துக் குறிக்கப்பட்டிருந்ததை மறந்திருக்க மாட்டார்கள். மத்திய அலை மட்டும் கொண்ட பெட்டியில் சிற்றலை நிலையம் எதுவும் கேட்காது. அதை என்ன விலைக்கு வாங்கினோம், யாரிடம் வாங்கினோம் என்பதனால் இந்நிலை மாறுவதில்லை. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியும் வானொலிப் பெட்டியின் வழிவந்ததே ஆகும். வாங்குவதோடு நில்லாமல் அஃது அலைகளை அனுப்பவும் செய்கிறது. ஆயினும் அதே பழைய விதிதான் அதனையும் ஆள்கிறது.

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு, ஊரிலுள்ள பெற்றோரின் குரலைக் கேட்க உதவும் சாதனம் இதுவே. ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை இதற்குச் செலவிடுவோர் நம்மிடையே பலர். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவியையோ, கைமாறி வந்த கருவியையோ வாங்குவோரும் உண்டு. 'பூட்டு நீக்கியது, எந்த சிம் கார்டையும் போடலாம்' என்று விற்பவர் உறுதி கூறுகிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால், சிம் கார்டு ஏற்கப்படுகிறது. சிக்னல் மட்டும் சரியாகக் கிடைப்பதில்லை. விற்றவர் சொன்னது பொய்யன்று. பூட்டு வேறு, அலைவரிசை வேறு. இவ்விரண்டும் எவ்வாறு தோன்றின என்பதை வரலாற்றில் காண்போம்.

1982ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகளின் அஞ்சல், தொலைபேசி நிர்வாகங்கள் ஒரு குழுவை அமைத்தன. நாட்டுக்கொரு முறையாக நடந்துவந்த கைப்பேசிச் சேவைக்குப் பொதுவான முறை ஒன்றை வகுப்பதே அதன் பணி. ஜி.எஸ்.எம். என்னும் பெயர் அக்குழுவின் பெயரிலிருந்து வந்ததே. 1987ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் கோபன்ஹேகன் நகரில் 13 நாடுகளைச் சேர்ந்த நிர்வாகங்கள் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இம்முறைக்கு உரியதாயிற்று. சந்தாதாரரின் அடையாளத்தைக் கருவியில் பதிக்காமல், சிம் என்னும் தனிக் கார்டில் வைப்பதும் இம்முறையின் ஓர் அம்சம். கருவி ஒன்று, அடையாளம் மற்றொன்று என்று பிரிந்ததனால்தான், கருவியை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி பிறந்தது. அவ்வசதியைத் தடுக்கவே பல வெளிநாட்டு நிறுவனங்கள், தாம் சலுகை விலையில் கொடுத்த கருவிகளில் பூட்டு இட்டன.

அமெரிக்காவில் இந்த 900 அலைவரிசை வேறு பயன்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே கைப்பேசிகள் 800 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியிலும், 1995 முதல் 1900 மெகாஹெர்ட்ஸிலும் இயங்கின. எனவே அக்காலத்து அமெரிக்க ஜி.எஸ்.எம். கருவி, பூட்டே இல்லாததாயினும், நம் நாட்டில் பயன்படவில்லை. மூன்று, நான்கு அலைவரிசைகளை ஏற்கும் கருவிகள் பின்னரே பரவின.

நம் நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் நிகழ்ந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, கல்கத்தா ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து தில்லி சஞ்சார் பவனில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். நூறாண்டுகளுக்கு முன் ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளைக் கொண்டு சோதனைகள் நடத்திக் காட்டிய நகரமும் அதுவே.

அரசு உரிமங்களை நாடு முழுமைக்கும் ஒன்றாகக் கொடுக்கவில்லை. வட்டம் வட்டமாகப் பிரித்துக் கொடுத்தது. தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கும் தனி வட்டங்களாயின. தமிழ்நாட்டின் ஏனைய பகுதி வேறொரு வட்டம். சென்னையும் தமிழ்நாடும் ஒரே வட்டமானது பிற்காலத்திலேதான். இப்பிரிவினை நம்மைப் போன்று மாநில எல்லைகளைக் கடந்து வாழ்வோரைப் பெரிதும் பாதித்தது. வட்டம் தாண்டினால் ரோமிங் கட்டணம். வரும் அழைப்புக்கும் பணம். ஒரு வட்டத்து எண்ணை மற்றொரு வட்டத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை 2015ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள்தான் நாடெங்கும் கிடைத்தது.

இதற்கிடையே, 2002ஆம் ஆண்டின் இறுதியில் சி.டி.எம்.ஏ. என்னும் மாற்று முறை 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பெரிய அளவில் அறிமுகமாயிற்று. குறைந்த முன்பணத்தில் கைப்பேசி கிடைத்ததனால் எளிய மக்கள் பலர் அதன்வழியே முதன்முதலாகக் கைப்பேசி பெற்றனர். ஆயினும் அன்று பரவலாக விற்ற கருவிகளில் அடையாளம் கருவிக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தை விட்டு விலகுவோர் கருவியையும் விடவேண்டியதாயிற்று. பிற்காலத்தில் அச்சேவை நிறுத்தப்பட்டபோது, பழுதில்லாத கருவிகளும் பயனற்றுப் போயின. ஜி.எஸ்.எம். வாடிக்கையாளருக்கோ இத்தொல்லை இருக்கவில்லை. கருவியை ஒரு கடையிலும், சிம் கார்டை மற்றொரு கடையிலும் தனித்தனியே வாங்கும் வழக்கம் இங்கு வேரூன்றியது. வெளிநாட்டில் மிகுதியாக வழங்கிய நிறுவனப் பூட்டு நமக்கு அதிகம் பழக்கமாகாததற்கு இதுவே காரணம்.

அதன்பின் அலைவரிசைகள் பெருகின. 900 மெகாஹெர்ட்ஸோடு 1800 சேர்ந்தது. மூன்றாம் தலைமுறைச் சேவை 2008ஆம் ஆண்டின் இறுதியில் 2100 மெகாஹெர்ட்ஸில் தோன்றியது. நான்காம் தலைமுறை 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் கொல்கத்தாவில் 2300 மெகாஹெர்ட்ஸில் தொடங்கிற்று. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் 850, 1800, 2300 ஆகிய மூன்றிலும் நான்காம் தலைமுறையை மட்டுமே வழங்கும் நிறுவனம் ஒன்று வந்தது. அதில் பேச்சும் தரவாகவே செல்லும். பழைய முறையில் பேச வழியில்லை. ஆகவே அலைவரிசை பொருந்தியும், வோல்ட்டி என்னும் அப்பேச்சு முறை பொருந்தாத வெளிநாட்டுக் கருவிகளில் இணையம் கிடைத்தது. நேரடி அழைப்பு கிடைக்கவில்லை. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஐந்தாம் தலைமுறை தொடங்கியபோதும், 3500 மெகாஹெர்ட்ஸை ஏற்கவல்ல கருவிகள் சில, மென்பொருள் புதுப்பிக்கப்படும் வரை காத்திருக்க நேர்ந்தது.

பூட்டு என்பது வணிக ஒப்பந்தத்தின் விளைவு, மென்பொருளில் உள்ளது. நிறுவனம் இசைந்தால் சில நொடிகளில் நீங்கும். அலைவரிசையோ கருவிக்குள் இருக்கும் ஆண்டெனாவையும், அலைகளைப் பிரித்தெடுக்கும் வடிகட்டிகளையும் பொறுத்தது. தொழிற்சாலையில் அமைக்கப்படாத அலைவரிசையைப் பின்னர் எந்தக் கடைக்காரராலும் சேர்க்க இயலாது. ஒரே பெயரும் ஒரே தோற்றமும் உடைய கருவியைக்கூட, நாட்டுக்கு ஏற்ப வெவ்வேறு அலைவரிசைகளோடு செய்கிறார்கள். மாதிரி எண் ஒன்றுதான் வேறுபாட்டைக் காட்டும்.

அரைகுறைப் பொருத்தமும் உண்டு. குறைந்த அதிர்வெண் அலைகள் நெடுந்தொலைவு செல்வன. சுவர்களையும் ஓரளவு எளிதில் ஊடுருவுவன. உயர்ந்த அதிர்வெண் அலைகள் மிகுந்த தரவைச் சுமக்கும். ஆனால் விரைவில் தளர்ந்துவிடும். ஒரு நிறுவனத்தின் உயர் அலைவரிசையை மட்டும் ஏற்கும் கருவி தெருவில் நன்றாகப் பேசும். நெருக்கமான குடியிருப்பின் உள்ளறையில் ஊமையாகிவிடும். இன்றும் அலைக்கற்றை வட்டவாரியாகவே ஏலம் விடப்படுவதால், ஒரே நிறுவனம் ஒரு வட்டத்தில் வைத்திருக்கும் அலைவரிசை மற்றொன்றில் இல்லாதிருக்கலாம். மதுரையில் குறையின்றி உழைத்த கருவி வேறொரு மாநிலத்தில் தடுமாறினால், கருவி பழுதென்று உடனே முடிவு கட்டவேண்டியதில்லை.

ஆகவே வாங்குமுன் கருவியின் மாதிரி எண்ணைக் கேட்டறிந்து, அதற்குரிய அலைவரிசைகளை உற்பத்தியாளரின் பட்டியலில் காணவேண்டும். நாம் வாழும் வட்டத்தில் நம் நிறுவனம் எவற்றைப் பயன்படுத்துகிறது என்பதையும், வோல்ட்டி பொருந்துமா என்பதையும் விசாரிக்கவேண்டும். கூடுமானால் நம்முடைய சிம் கார்டையே இட்டு, வீட்டினுள் ஒருமுறை பேசிப் பார்ப்பது நலம்.

1995ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள், கிரிக்கெட் ஒளிபரப்புப் பற்றிய வழக்கொன்றில், வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்கத்தாவிலிருந்து முதல் கைப்பேசி அழைப்பு சென்றது அதே ஆண்டில்தான். அலைக்கற்றையை ஏலத்தில் எடுத்த நிறுவனம் அதைக் குறித்த காலத்துக்குப் பயன்படுத்தும் உரிமையையே பெறுகிறது, சொத்து மக்களுடையது. எனவே எந்த அலைவரிசை எந்த ஊரில் ஒலிக்கிறது என்று கேட்டறிய நமக்கு உரிமை உண்டு. தொலைவில் உழைத்து, ஊருக்குப் பேசுவதற்காகக் கருவி வாங்கும் ஒவ்வொருவரும் இக்கேள்வியைத் தயங்காமல் கேட்கலாம்.